பதினேழு ஒன்றுகள்

காவாந்தண்டலம்
12-2-1976

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், போன வாரம் கன்று போட்ட சிவப்பி உள்பட. உங்கள் கடிதம் வந்தது. மாமா வழக்கம்போல நடுக்கூடத்தில் உட்கார்ந்து, சமையலறையில் இருக்கும் அத்தைக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். "சாப்பாடு பரவாயில்லை, குளிர் அதிகம், இந்திராணியைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று எழுதியிருந்தீர்கள். சொன்னார்கள். கல்யாணம் முடிந்து இருபது நாளில் ரூர்கேலா உருக்காலைக்கு ரயில் ஏறினவர், அதற்குப் பிறகு என்னோடு பேசியது இந்தக் 'கேட்டதாக' ஒன்றுதான். நானும் உங்களைக் கேட்டதாக மாமாவிடமே சொல்லி அனுப்பலாமா என்று பார்த்தேன். அப்புறம் நேராகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அறுவடை முடிந்தது. களத்திலிருந்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளே வரும்போது மாமா கதவோரச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் வரிசையாகப் பதினேழு கோடு. நான் சாணி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, செவுத்தப் பாத்துக்கினு நிக்கற?" என்றார் மாமா.

"மாமா, இதை எண்ணாகப் படித்தால் நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினோரு கோடிக்கு மேல் வருகிறது" என்றேன்.

"அத்தினி மூட்டை வந்தா வைக்க எடம் ஏது? பதினேழுதாம்மா. அதுலயும் மொதக் கோடு ஒண்ணு இல்ல, லாபம். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணணும்."

எனக்கு அந்த எண் பிடித்துப்போய்விட்டது. 11111111111111111. இது எதாலாவது வகுபடுமா, வகுபடாதா? உங்களுக்கு நேரம் இருந்தால் யோசித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் கேட்டதாகவாவது எழுதுங்கள்.

இந்திராணி


ரூர்கேலா
2-3-1976

அன்புள்ள இந்திராணிக்கு,

நைனா, அம்மா இருவருக்கும் வணக்கம். நான் நலம். நீ கேட்ட கணக்கு கீழே.

இலக்கங்களைக் கூட்டினால் 17. ஆகவே மூன்றாலும் ஒன்பதாலும் போகாது. ஒற்றைப்படை, ஆகவே இரண்டால் போகாது. கடைசியில் ஒன்று, ஆகவே ஐந்தால் போகாது. 7: போகவில்லை. 11: போகவில்லை. 13: போகவில்லை. 17: போகவில்லை. இப்படியே 97 வரைக்கும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றின் வழிமுறையும் பின்பக்கத்தில் முழுசாக எழுதியிருக்கிறேன்.

நைனா இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னிடம் கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு வகுத்தல். நடுக்கூடத்தில் படிக்கப்போகிற கடிதத்தில் நான் என்ன எழுத முடியும், சொல். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் கணக்குக்குக் கீழே எழுதுகிறேன்.

நீ சாணி உருண்டையோடு நின்றதை நினைத்துச் சிரித்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் என்ன என்று கேட்டான். கணக்கு என்று சொல்லி வைத்தேன்.

நான் தொழிற்பயிற்சி படித்தவன். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் வகுபடாவிட்டால் பகா எண், வகுபட்டால் பகு எண், அந்த அளவுக்குத்தான் தெரியும். இது பகா எண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கவே கெட்டியாக இருக்கிறது.

மணவாளன்


காவாந்தண்டலம்
19-3-1976

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நினைத்தபடியே நடந்தது. ஏழால் வகுப்பது வரை மாமா வந்தார். பதினொன்றில், "மேல ஒரே கணக்கா கீதும்மா, நீயே படிச்சுக்கோ" என்று கையில் கொடுத்துவிட்டார். அத்தைக்குத்தான் வருத்தம். "புருசன் பொண்டாட்டி கடுதாசில இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார்கள்.

நீங்கள் கெட்டி என்கிறீர்கள். நான் உடையும் என்கிறேன். ஐந்து ஒன்று உடையும்: 41 × 271. ஏழு ஒன்று உடையும்: 239 × 4649. பதினொரு ஒன்று உடையும்: 21649 × 513239. பெருக்கிப் பாருங்கள். பதினேழு மட்டும் என்ன பெரிய மனிதரா?

ஆனால் 2, 3, 5 என்று எல்லா எண்ணாலும் வகுத்துக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியில் படித்த ஒரு விதி இருக்கிறது. பதினேழு ஒன்றை எந்தப் பகா எண் வகுத்தாலும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதி 34-ஆல் வகுபட வேண்டும். ஏழு ஒன்றுக்கு 14. வேண்டுமானால் 239-இல் ஒன்று கழித்துப் பாருங்கள், 14 × 17. ஆகவே 34-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வருகிற பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 103, 137, 239, இப்படி. 1, 7 என்று முடிகிறவை எனக்கு. 3, 9 என்று முடிகிறவை உங்களுக்கு. உங்கள் தாளை நான் சரிபார்க்கிறேன், என் தாளை நீங்கள்.

பகு எண் என்றால் ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு வகுத்தலில் தெரிந்துவிடும். பகா எண் என்று நிரூபிக்கத்தான் கஷ்டம். பத்தரைக் கோடி வரைக்கும் போகவேண்டும். நமக்கு ஆயுசு போதாது. ஆகவே உங்கள் கட்சி ஜெயிக்க வழியே இல்லை, பாவம்.

இதெல்லாம் ஏதாவது புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்கட்டும். ஊரில் எல்லோர் வீட்டிலும் சாம்பார் வைக்கிறார்கள் என்று நாம் வைக்காமலா இருக்கிறோம்?

மாமாவும் கோடுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டார். "பதினேழு, கூட்டினா எட்டு. எட்டு ஆகாதும்மா. ஒரு கோடு சேத்துப் போட்டுடட்டா?" என்றார். சேர்த்தால் பதினெட்டு ஒன்று, பதினொன்றால் சுலபமாக வகுபட்டுவிடும், சுவாரசியம் போய்விடும் என்று தடுத்துவிட்டேன்.

நானும் கணக்குக்குக் கீழேதான் எழுதுகிறேன் என்றாலும், இன்றைக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் முகம் எனக்கு இன்னும் சரியாக நினைவில் நிற்கவில்லை. ஒரு போட்டோ அனுப்புங்கள்.

இந்திராணி


ரூர்கேலா
21-11-1977

அன்புள்ள இந்திராணிக்கு,

இத்துடன் என் பங்குத் தாள்கள். எல்லாம் போகவில்லை. உன் தாள்களைப் பார்த்தேன். ஓரிடத்தில் ஏழை ஒன்று மாதிரி எழுதியிருக்கிறாய். மற்றபடி சரி.

நீ சொல்லிக்கொடுத்த சோதனை எனக்கு ரொம்ப உபகாரம். ஈவின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கு, வகுத்தியையும் அப்படியே ஆக்கு, இரண்டையும் பெருக்கி மீதியைச் சேர், கடைசியில் 8 வந்தால் சரி. நைனா ஆகாது என்கிற எட்டுதான் எனக்கு இங்கே தினமும் நிம்மதி தருகிறது. ஆபீஸில் ஒருவர் கால்குலேட்டர் வாங்கியிருக்கிறார். கெஞ்சிக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எட்டு ஒன்றுக்கு மேல் அது மூச்சுவிடவில்லை. நம் கை தேவலை.

தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இங்கே சோறு இறங்கவில்லை. வாலாஜாபாத் ஸ்டேஷனில் நீ கையசைக்காமல் நின்றாயே, கோபமா, அழுகையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். இப்போதெல்லாம் உன் கடிதத்தில் 'போகவில்லை' என்ற வார்த்தையைப் பார்த்தாலே பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது.

உனக்கு உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது நல்லது. தற்காலிகம்தானே, பொழுதும் போகும்.

மணவாளன்


ரூர்கேலா
4-6-1979

அன்புள்ள இந்திராணிக்கு,

நைனாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். இந்தத் தடவை கணக்கு இல்லை. எல்லோரும் கேட்கட்டும்.

எனக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அறை, சமையலறை, பின்னால் குழாய். நாலு வருஷம் காத்திருந்து கிடைத்தது. குடும்பத்தோடு குடியேறாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆவணிக்குள் நீ இங்கே வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடு. நைனா, நீங்களே கொண்டுவந்து விடுங்கள். அம்மாவுக்கும் ஊரைச் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும்.

மணவாளன்


காவாந்தண்டலம்
15-6-1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மாமா படிக்க, எல்லோரும் கேட்டோம். "பொழுதும் போகும்" என்று ஒருமுறை எழுதினீர்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

என் வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்துவிட்டது. உங்கள் கடிதத்துக்கு ஆறு நாள் முன்பே. இரண்டையும் ஒரே சந்தோஷமாக எழுதலாம் என்று இருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள், அதுவும் "சொல்லிவிடு" என்று. சந்தைக்குப் போகிறவளிடம் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்லிவிடு என்பது போல.

அத்தான், ஒன்பதாம் வகுப்பில் பின்வரிசைப் பெண்கள் கணக்கு மணி அடித்தால் முகம் வெளுத்துக் கிடந்தவர்கள். இப்போது நான் உள்ளே நுழையும் முன்பே கரும்பலகையைத் துடைத்து வைக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனாலும் அந்த வாசலில் இறங்கும்போது நான் இன்னார் என்று எனக்கே தெரிகிறது. ரூர்கேலாவில் எந்தப் பள்ளிக்கூடம் தமிழில் கணக்குச் சொல்லித்தர என்னைக் கூப்பிடப்போகிறது?

நீங்கள் ஏன் வரக்கூடாது? கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்கள். உங்களைப் போன்ற எலக்ட்ரீஷியன்களை எடுக்கிறார்கள். உங்களோடு இருந்த ராஜாராம் அங்கே சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதே. செங்கல்பட்டில் வீடு பார்த்தால் நீங்கள் கிழக்கே ஒரு பஸ், நான் மேற்கே ஒரு பஸ். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த ஆசையை எழுத எனக்குக் கணக்குத் தேவையில்லை. மாமா படித்தாலும் படிக்கட்டும்.

இந்திராணி


ரூர்கேலா
28-6-1979

இந்திராணிக்கு,

கல்பாக்கம் போனால் இங்கே சேர்த்த சீனியாரிட்டி எல்லாம் போச்சு. புதுசாக ஆரம்பிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டிக்கு வேலை நிரந்தரமானது என்று புருஷன் வேலையை விட்டுவிட்டு வந்தான் என்று காவாந்தண்டலத்தில் பேசமாட்டார்களா? பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க முடியுமா என்னால்?

நீயும் விடமாட்டாய், நானும் விடமாட்டேன். நைனாவைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் அழுதுவிடுவார். ஆகவே இப்படிச் செய்வோம். நம் எண் முடிவு செய்யட்டும். இருபது லட்சத்துத் தொண்ணூறாயிரம் வரை வந்துவிட்டோம். ஆவணி முடிவதற்குள் இருபத்திரண்டு லட்சம் வரை பார்ப்போம். அதற்குள் அது உடைந்தால் நான் வருகிறேன். உடையாவிட்டால் நீ வா. யாரும் யாருக்கும் தோற்றதாக ஆகாது.

மணவாளன்


காவாந்தண்டலம்
9-7-1979

அத்தானுக்கு,

மூன்று வருஷத்தில் ஒரு தடவையும் உடையாதது இரண்டு மாதத்தில் உடையாது என்று கணக்குப் போட்டுத்தான் இந்தப் பந்தயம் வைத்தீர்கள். எனக்கும் கணக்குத் தெரியும். உங்கள் கடிதம் என் கையில்தான் கிடைத்தது, மாமாவுக்குப் பந்தயம் தெரியாது.

சரி. என் பங்குத் தாள்கள் இத்துடன். போகவில்லை.

இந்திராணி


ரூர்கேலா
20-8-1979

அன்புள்ள இந்திராணிக்கு,

என் பங்கு முடிந்தது. இருபத்திரண்டு லட்சம் வரை ஒன்றும் போகவில்லை. தாள்களைத் தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். உன்னுடையதும் வந்து சேர்ந்தது, சரிபார்த்தேன். அதிலும் இல்லை.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். சமையலறையில் அலமாரி உயரமாக இருந்தது. உனக்கு எட்டாது என்று இறக்கி வைத்தேன். பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிறது, கருவேப்பிலைக் கன்று கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். முன் அறைச் சுவரில் ஒரு பகுதியைக் கறுப்பாகப் பூசினேன். நீ எழுதிப் போட்டுப் பார்க்க. இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லித்தரலாம்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒரு மாசமாக நீ தாள்களை மட்டும் மடித்து அனுப்புகிறாய். கீழே ஒரு வரி இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதானே. எப்போது புறப்படுகிறாய் என்று எழுது.

மணவாளன்


காவாந்தண்டலம்
2-9-1979

அன்புள்ள அத்தானுக்கு,

ராஜினாமா எழுத வெள்ளைத்தாள் எடுத்து வைத்தேன். எழுதுவதற்கு முன் ஒரு பாக்கி இருந்தது. ஏப்ரலில் நீங்கள் அனுப்பின தாள்களை நான் சரிபார்க்கவே இல்லை. அப்போது பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. மே மாதம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் நம் சண்டை. கட்டின கயிறு அவிழ்க்காமலே பெட்டியில் கிடந்தது. போவதற்கு முன் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

20,71,723 என்று ஒரு தாள். மீதி 4,50,000 என்று எழுதி, போகவில்லை என்று கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த மீதி உறுத்தியது. மூன்று வருஷமாக நாம் பார்த்த மீதிகள் எல்லாம் 13,08,447 மாதிரி சொறி பிடித்தவைதான். நாலரை லட்சம் என்று இவ்வளவு வழவழவென்று ஒரு மீதி வராது. உங்கள் சோதனையும் சரியாகத்தான் இருந்தது. ஈவு கூட்டினால் 2, வகுத்தி 4, பெருக்கினால் 8, மீதி கூட்டினால் 9, ஆக 17, அதாவது 8. ஒரு குறையும் இல்லை.

வரி வரியாகப் போனேன். ஆறாவது கழித்தலில் 488305 வரவேண்டும். நீங்கள் 488350 என்று எழுதிவிட்டீர்கள். கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே சோதனையில் தெரியாது. தப்பு உங்கள் கையுடையது. அதைப் பிடிக்க முடியாத சோதனையைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

திருத்தி மேலே வகுத்தேன். கடைசி வரியில் மேலேயும் 14502061, கீழேயும் 14502061.

போய்விட்டது, அத்தான். உடைந்துவிட்டது.

முதலில் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். வேண்டுமென்றே மாற்றி எழுதினீர்களோ என்று நினைத்தேன். பிறகு தாளின் தலைப்பில் தேதி பார்த்தேன். ஏப்ரல் 11. அப்போது குவார்ட்டர்ஸும் இல்லை, பந்தயமும் இல்லை. ஒரு நொடி உங்களைச் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் பந்தயம் வைத்த அன்றைக்கே அந்த எண் உடைந்துதான் கிடந்தது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பந்தயப்படி நான் ஜெயித்தேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. அலமாரியை இறக்கி வைத்தேன் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் நான் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டேன். உங்களைத் தோற்கடித்துக் கூட்டிவந்து இங்கே உட்கார வைத்தால், நீங்கள் டீக்கடை பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பதை நான்தானே பார்க்க வேண்டும்?

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பந்தயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. "அது நான் மூட்டைக்குப் போட்ட கோடும்மா! அத்த வச்சிக்கினு எவன் எங்க இருக்கணும்னு முடிவு பண்ணுவீங்களா? அவனுக்குதான் அறிவு இல்ல, படிச்ச பொண்ணு, உனக்கு எங்க போச்சு? வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு" என்றார். அத்தை குறுக்கே வந்து அடக்கினார்கள்.

அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். பந்தயத்தை நான் தூக்கி எறிந்துவிட்டேன். எனக்கு என் வேலை வேண்டும். நீங்களும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க எனக்கு மனசில்லை. நீங்கள் வரமாட்டேன் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் பார்த்துக்கொள்வோம். அழுதுகொண்டேதான் இருப்பேன், ஆனால் ராஜினாமா எழுதமாட்டேன். எண்ணைக் கேட்காமல் நீங்களே யோசித்து எழுதுங்கள்.

திருத்தின தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கிப் பாருங்கள்.

இந்திராணி


ரூர்கேலா
17-9-1979

அன்புள்ள இந்திராணிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே என் மனம் மாறிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். கடிதம் வந்த பிறகும் மாற நாலு நாள் ஆயிற்று. முதல் நாள் உன் மேல் கோபம். இரண்டாவது நாள் என் மேல். ஆறாவது கழித்தலில் இலக்கத்தை மாற்றிப் போட்ட கை மேல் அல்ல. நீ ராஜினாமாத் தாளை எடுத்து வைக்கிற அளவுக்கு உன்னைத் தள்ளிவிட்டு, இங்கே நான் பாட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன் பார், அந்த ஆள் மேல்.

மூன்றாவது நாள்தான் பெருக்க உட்கார்ந்தேன். 20,71,723-ஐ 536,32,22,357-ஆல். ஏழால், ஐந்தால், மூன்றால் என்று ஒவ்வொரு வரியாக எழுதிக் கூட்டினேன். வலது பக்கத்திலிருந்து ஒன்று விழுந்தது. பக்கத்தில் ஒன்று. அப்புறம் ஒன்று. பதினேழும் ஒன்று, இந்திராணி. சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஒடியாக்காரர் ஓடிவந்து பிள்ளை பிறந்ததாகத் தந்தி வந்ததா என்று கேட்டார். தாளைக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

நீ சொன்னதுதான் சரி, அது பகு எண். நான் மூன்று வருஷமாகக் கெட்டி கெட்டி என்று சொன்னதற்குக் காரணம், பார்க்க அப்படித் தோன்றியதுதான். வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இருந்ததில்லை. டீக்கடையில் பேசுவார்கள் என்று சொன்னதற்கும் அதே ஆதாரம்தான்.

நாலாவது நாள் போய்க் குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கறுப்புப் பூசின சுவருக்கு மறுபடி வெள்ளை அடிக்கச் சொன்னார்கள், அடித்துவிட்டேன். ராஜாராமுக்குத் தந்தி கொடுத்தேன். அக்டோபர் பத்தாம் தேதி கல்பாக்கத்தில் இண்டர்வியூ என்று பதில் வந்திருக்கிறது. கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. கிடைத்தாலும் சம்பளம் குறைவு, என்னைவிடச் சின்னவன் எனக்கு மேஸ்திரியாக இருப்பான். பேசுகிறவர்கள் பேசுவார்கள். எனக்கு உறுத்தத்தான் செய்யும், பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதே. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அப்போது நீ பயப்படாமல் இரு, அது போதும். கிடைக்காவிட்டால் எண்ணூரில் பார்ப்பேன். அதுவும் இல்லாவிட்டால் வேறெங்காவது. பந்தயத்துக்காக இல்லை. நீ வேண்டும் என்று எழுதினாய். எனக்கும் வேண்டும்.

நைனாவுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் திட்டினது சரிதான், நைனா.

இனி கணக்கு. நேற்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உடைந்து கிடைத்த இரண்டில் பெரியது 536 கோடிக்கு மேல். அது மேலும் உடையுமா? மறுபடி மூன்று வருஷம் வகுக்க வேண்டுமே என்று மலைத்துப்போனேன். பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் பெரிய எண் இரண்டாக உடைந்தால், அதில் சிறிய துண்டு எழுபத்து நாலாயிரத்துக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் இரண்டு துண்டும் இருந்தால் பெருக்குத்தொகை மீறிவிடும். அந்தத் துண்டு 536 கோடியை வகுத்தால் பதினேழு ஒன்றையும் வகுத்திருக்கும். எழுபத்து நாலாயிரம் வரை நாம் எப்போது பார்த்தோம்? 1976 கோடையில். எல்லாம் போகவில்லை.

சின்ன எண்ணுக்கும் அதே கதைதான். ஆகவே இரண்டும் பகா எண். இதற்கு மேல் பிரிக்க முடியாது. நிரூபிக்க நாம் புதிதாக ஒரு வகுத்தல்கூடச் செய்ய வேண்டாம், அந்தத் தாள்களே போதும்.

அவற்றில் என் கைத்தப்பு இருக்குமோ என்று கேட்பாய். இருக்காது. அந்தக் கோடையில் உனக்கு என் முகமே சரியாக ஞாபகம் இல்லை, என் மேல் நம்பிக்கையும் இல்லை. நான் அனுப்பின ஒவ்வொரு வகுத்தலையும் நீ முதலிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்துச் சிவப்பு மையால் டிக் அடித்து அனுப்பினாய். அப்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருஷமாகப் போகவில்லை, போகவில்லை என்று வீணுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இல்லை, இந்திராணி. ஒருவரை ஒருவர் தெரியாமல் உட்கார்ந்து எழுதின அந்தப் போகவில்லைகள்தான் இந்த இரண்டும் உடையாது என்பதற்கு ஆதாரம்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை வாலாஜாபாத்தில் இறங்குவேன். பெட்டி கனமாக இருந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். யாரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். நீ பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாதே.

மணவாளன்